கடலடியில் ஒரு பிடி மண்

மிதக்கும் காற்றாலைகள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் நங்கூரங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆழ்கடல் மின்சாரம் மலிவாகுமா, பாதுகாப்பாக இருக்குமா என்பதை முடிவு செய்யப்போவது அந்த நங்கூரங்களும் அவை புதைந்திருக்கும் மண்ணும்தான்.

ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், வட கடலில் ஐந்து காற்றாலைகள் மிதந்து நிற்கின்றன. 2017 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட 'ஹைவிண்ட் ஸ்காட்லாந்து', வணிக அளவில் இயங்கும் உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. ஒவ்வொரு காற்றாலையும் 6 மெகாவாட் திறன் கொண்டது. நீர்மட்டத்துக்கு மேலே 175 மீட்டர் உயரம். கீழே 78 மீட்டர் ஆழம் வரை தொங்கும் எஃகு உருளை. அங்கே கடலின் ஆழமோ 95 முதல் 120 மீட்டர். ஆக, எந்த உருளையின் அடியும் தரையைத் தொடவில்லை. பண்ணை தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் கரோலைன் புயல் வந்தது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய சூறைக்காற்றும் எட்டு மீட்டருக்கு மேல் எழுந்த அலைகளும் ஐந்தையும் ஆட்டிப் பார்த்தன. ஒன்றுகூட இடம் பெயரவில்லை. அவற்றைப் பிடித்து நிறுத்தியவை கடலடி மண்ணுக்குள் புதைந்திருக்கும் 15 எஃகு நங்கூரங்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் விட்டமும், ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரமும் கொண்டது.

மிதக்கும் காற்றாலை பற்றிய பேச்சு பெரும்பாலும் இறக்கையின் நீளம், ஜெனரேட்டரின் திறன், ஒரு யூனிட்டின் விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அடித்தளத்தில் இருக்கும் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய பொருளை, இருபத்தைந்து ஆண்டுகள், மண் எதை நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கும்? இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: நல்ல நங்கூரத்தை உருவாக்குவது அதிக எஃகு இல்லை, மண்ணைப் பற்றிய அறிவு. அந்த அறிவுக்கான செலவைத் திட்டத்தின் முதல் நாளிலேயே செய்ய வேண்டும். கிடைக்கும் தகவலை நிறுவனங்களின் பெட்டகத்தில் பூட்டாமல் பொதுச் சொத்தாக வைக்க வேண்டும். இரண்டையும் செய்யும் நாடுகளுக்கு ஆழ்கடல் காற்று வசப்படும். செய்யாத நாடுகள் ஒவ்வொரு நங்கூரத்திலும் அறியாமைக்கான விலையை எஃகாகக் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் மிதக்க வேண்டும்?

கடல் காற்றாலைகளில் மிகப் பெரும்பாலானவை தரையில் ஊன்றி நிற்பவை. சுமார் 60 மீட்டர் ஆழம் வரை அது கட்டுப்படியாகும். அதைத் தாண்டினால் ஊன்றும் கால்களின் எடையும் செலவும் கட்டுக்கடங்காமல் போகின்றன. ஆனால் ஐரோப்பாவின் கடல் காற்று வளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்த ஆழத்துக்கு அப்பால்தான் இருக்கிறது என்பது அங்குள்ள காற்றாலைத் துறையின் கணக்கு. போர்ச்சுகல், நார்வே, ஜப்பான், அமெரிக்காவின் மேற்குக் கரை போன்ற இடங்களில் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே கடல் சடாரென ஆழமாகிவிடுகிறது. இங்கெல்லாம் மிதப்பதைத் தவிர வழியில்லை. 2022 ஜனவரியில் ஸ்காட்லாந்து நடத்திய 'ஸ்காட்விண்ட்' கடற்பரப்புக் குத்தகையில் சுமார் 25 கிகாவாட் திறனுக்கான 17 திட்டங்கள் தேர்வாயின. அந்தத் திறனில் பாதிக்கும் மேல் மிதக்கும் வகை. ஏறத்தாழ 15 கிகாவாட்டை 15 மெகாவாட் காற்றாலைகளாகப் பிரித்தால் ஆயிரம் காற்றாலைகள். ஒன்றுக்கு மூன்று நங்கூரம் என்றாலும் மூவாயிரம். இது ஒரே நாட்டின் ஒரே குத்தகைச் சுற்றுக்கான கணக்கு.

ஒவ்வொரு நங்கூரமும் தாங்க வேண்டிய விசை சாமானியமானது இல்லை. ஆய்வாளர்கள் மாதிரியாகப் பயன்படுத்தும் 15 மெகாவாட் காற்றாலையின் சுழலி 240 மீட்டர் விட்டம் கொண்டது. காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை உச்சத்தில் சுமார் 250 டன் எடைக்குச் சமம். அந்த உச்சம் புயலில் வருவதில்லை; மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் நல்ல காற்றில் வருகிறது. அதற்கு மேல் காற்று வலுத்தால் இறக்கைகள் தாமாகவே திரும்பி, காற்றை வழுக்கிப் போகவிடுகின்றன. புயலின்போது பொறுப்பு அலையின் கைக்குப் போகிறது: மிதவையைத் தூக்கி, இழுத்து, சங்கிலியை விறைக்க வைத்து, மறுகணம் தளர்த்துகிறது. ஆக நங்கூரத்தின் மீது மூன்று வகை விசைகள் விழுகின்றன. அன்றாடக் காற்றின் விடாத இழுப்பு, அலையின் ஓயாத வெட்டு, எப்போதோ வரும் பெரும்புயலின் ஒற்றை அடி. பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் இருபத்தைந்து ஆண்டில் ஏறத்தாழ எட்டுக் கோடி அலைகள். எட்டுக் கோடி முறை இழுபட்ட பிறகும் மண் தன் பிடியை விடக் கூடாது.

கல், கொழு, தூண், கிணறு

நங்கூரம் என்றதும் நினைவுக்கு வருவது கனமான பொருளைக் கட்டிக் கடலில் போடுவது. அந்த எளிய வழி இங்கே ஏன் போதாது என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். கான்கிரீட்டை நீரில் இறக்கினால் அதன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மிதப்புவிசையால் குறைந்துவிடும். தரைக்கும் கட்டிக்கும் இடையிலான உராய்வு, மிஞ்சிய எடையில் பாதி என்று கொண்டால், 250 டன் இழுவையைத் தாங்கவே கரையில் கிட்டத்தட்ட 870 டன் எடையுள்ள கட்டி வேண்டும். பாதுகாப்புக்கான கூடுதல் அளவும் புயல் அலையும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. எடையை நம்பும் நங்கூரம் மண்ணிடம் எதையும் கேட்பதில்லை. அதனால் மண்ணும் அதற்கு அதிகம் கொடுப்பதில்லை.

அடுத்தது இழுவை நங்கூரம். ஏரின் கொழு மண்ணைக் கடித்து உள்ளே இறங்குவதுபோல, இழுக்க இழுக்க ஆழமாகப் புதைவது. நல்ல களிமண்ணில் தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு விசையைத் தாங்கும். ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பண்ணையும் போர்ச்சுகலின் 'விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக்' பண்ணையும் இவ்வகையைத்தான் பயன்படுத்துகின்றன. விலை குறைவு, பொருத்துவது எளிது. குறைகளும் உண்டு. ஒரே திசை இழுப்பைத்தான் தாங்கும். மேல்நோக்கி இழுத்தால் வழக்கமான வடிவங்கள் பெயர்ந்துவிடும். எந்த இடத்தில் போய் நிலைகொள்ளும் என்பதை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, சம்மட்டியால் அறைந்து இறக்கும் எஃகுக் குழாய்த் தூண். எல்லாத் திசையிலும் வலுவானது. ஆனால் அறையும் ஓசை நீருக்கடியில் நெடுந்தொலைவு பரவி, ஒலியை நம்பி வாழும் திமிங்கில இனங்களையும் ஓங்கில்களையும் விரட்டுகிறது. திருகாணிபோல முறுக்கி இறக்கும் தூண் இன்னொரு வழி. பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1830களில் காப்புரிமை பெற்று, கடலோர மணல்திட்டுகளில் கலங்கரை விளக்கங்களை நிறுத்தக் காரணமான இந்த வடிவத்தை, ஓசை குறைவு என்பதற்காக இன்றைய ஆய்வாளர்கள் மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள்.

ஹைவிண்டில் பயன்பட்டது உறிஞ்சு நங்கூரம். இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு உறைகிணறே போதும். சுட்ட மண் உறையை மணலில் வைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ள அள்ள உறை தன் எடையில் இறங்குகிறது. உறிஞ்சு நங்கூரமும் ஓர் உறைதான். மேல்பக்கம் மூடியிருக்கும், அடிப்பக்கம் திறந்திருக்கும். கடலடியில் நிறுத்தியதும் தன் எடையில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். பிறகு மண்ணை அள்ளுவதற்குப் பதிலாக, மூடியில் உள்ள துளை வழியே உள்ளிருக்கும் நீரைப் பம்பு வைத்து வெளியேற்றுகிறார்கள். உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள கடல்நீரின் அழுத்தம் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து உறையைக் கீழே தள்ளுகிறது. 5 மீட்டர் விட்டமுள்ள மூடியில், ஒரே ஒரு வளிமண்டல அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 200 டன் விசையைத் தரும். சம்மட்டியும் வேண்டாம், பேரோசையும் இல்லை. திட்டம் முடிந்த பிறகு நீரை உள்ளே செலுத்தினால் அதே உறை மேலே கிளம்பிவிடும். அடுத்த தலைமுறைக்குக் கடலடியில் குப்பை மிஞ்சாது. டென்மார்க்கின் கோர்ம் எண்ணெய் வயலில் 1980களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த இந்த உத்தி, பிறகு ஆழ்கடல் எண்ணெய்த் துறையின் நம்பிக்கைக்குரிய கருவியாக வளர்ந்தது.

சங்கிலியை உறையின் எந்த இடத்தில் கட்டுவது என்பதுகூட மண்ணின் கணக்குதான். மாடு கட்டும் முளையின் தலையில் கயிற்றைக் கட்டினால், மாடு இழுக்கும்போது முளை சாய்ந்து பிடுங்கிக்கொள்ளும். தாழக் கட்டினால் நிற்கும். உறிஞ்சு நங்கூரத்திலும் மூடியில் கட்டுவதில்லை. மண்ணுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் சங்கிலியைப் பொருத்துகிறார்கள். அப்போது உறை சாயாமல் நேராக நகரப் பார்க்கும். அப்படி நகர வேண்டுமானால் தனக்கு முன்னே உள்ள மண் முழுவதையும் தள்ளியாக வேண்டும். மண்ணின் வலிமை ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பொருத்துமிடம் மேலும் கீழும் நகரும். வலிமையைத் தவறாகக் கணித்தால் பொருத்துமிடமும் தவறும். அதே எஃகு, அதே எடை. ஆனால் தாங்குதிறன் குறைந்துவிடும்.

மண்ணுக்கும் நினைவு உண்டு

மண் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருளாக இருந்திருந்தால் ஒரே நங்கூரத்தை ஆயிரம் படி எடுத்திருக்கலாம். களிமண்ணில் நீர் மிக மெதுவாகக் கசிகிறது. நங்கூரத்தை இறக்கும்போது பிசைந்துபோகும் களி தன் வலிமையை இழக்கிறது. பிறகு வாரங்களும் மாதங்களும் கடக்கக் கடக்க நீர் வெளியேறி, மறுபடி இறுகி, சில நேரம் முன்பைவிடவும் வலுக்கிறது. மணலின் குணம் வேறு. கடற்கரையின் ஈர மணலைக் காலால் விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் அது குழைந்து கூழாவதைப் பார்க்கலாம். மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீருக்கு வெளியேற நேரம் கிடைக்காமல் அழுத்தம் கூடுவதால் வரும் விளைவு அது. அலையின் ஓயாத இழுப்பில் நங்கூரத்தைச் சுற்றியுள்ள மணலுக்கும் அந்த ஆபத்து உண்டு. நார்வே புவிப்பொறியியல் நிறுவனத்தைச் சேர்ந்த நுட் ஆண்டர்சன் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகளை ஆயிரக்கணக்கான முறை இழுத்தும் தளர்த்தியும் பார்த்து, எத்தனை சுழற்சிக்குப் பிறகு எந்த மண் எவ்வளவு வலிமையை இழக்கும் என்பதற்கான வரைபடங்களை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் நங்கூர வடிவமைப்பு அந்தப் பொறுமையின் மேல்தான் நிற்கிறது.

மண்ணை அறியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் ரேங்கின் எரிவாயு மேடை சாட்சி. 1980களின் தொடக்கத்தில் அங்கே அடித்தளத் தூண்களை இறக்கியபோது, பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அவை ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் தம் எடையிலேயே இறங்கிப்போயின. அந்தக் கடலடி, சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து உருவான சுண்ணாம்பு மணல். துகள்கள் உள்ளே பொள்ளலானவை. தூண் உரசும்போது நொறுங்கி, தூணை இறுக்கிப் பிடிக்காமல் விலகிவிட்டன. சாதாரண மணலுக்குரிய சூத்திரங்கள் காகிதத்தில் சரியாகவே இருந்தன, மண் வேறாக இருந்தது. பெருஞ்செலவில் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்திலிருந்தே சுண்ணாம்பு மணல் பற்றிய ஆய்வு ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. கடற்கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் மணல்தான். நங்கூரத்துக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

நங்கூரம் மண்ணில் இறங்கிய பிறகும் கதை முடிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஈக்குவடோரியல் கினி கடற்பகுதியில் 'செர்பென்டினா' என்ற எண்ணெய்க் கப்பலின் நங்கூரங்களை ஆய்வு செய்தபோது, ஒவ்வோர் அலைக்கும் மேலும் கீழும் அசைந்த சங்கிலி தன் முன்னே இருந்த களிமண்ணை ஆண்டுக்கணக்கில் அரித்து, நங்கூரத்தை நோக்கிப் பெரும் பள்ளங்களைத் தோண்டியிருந்தது தெரியவந்தது. எந்த மண் எதிர்த்து நிற்கும் என்று கணக்குப் போட்டார்களோ, அந்த மண்ணின் ஒரு பகுதியே அங்கே இல்லை. இன்னொரு பக்கம், களிமண் காலப்போக்கில் இறுகி வலுப்பெறும் நல்ல செய்தியும் உண்டு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் சூசன் கோர்வெனெக் போன்ற ஆய்வாளர்கள், முதல் நாளின் மண்ணை மட்டும் பார்க்காமல் முழு ஆயுட்காலத்திலும் மண் மாறும் விதத்தைக் கணக்கில் சேர்த்து வடிவமைக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. இறுகும் மண்ணில் எஃகைக் குறைக்கலாம். அரிபடும் மண்ணில் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருக்கலாம். இரண்டுக்கும் மண் தெரிந்திருக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

எண்ணெய்த் துறை நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக மிதவைகளைக் கட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறது. இதில் புதிதாக ஆராய என்ன இருக்கிறது என்பது முதல் மறுப்பு. நுட்பம் எண்ணெய்த் துறை தந்தது என்பது உண்மை. பொருளாதாரம் அங்கிருந்து வராது. ஓர் எண்ணெய் மேடைக்குப் பத்துப் பன்னிரண்டு நங்கூரங்கள். அவை எவ்வளவு செலவு வைத்தாலும் கிடைக்கும் எண்ணெயின் மதிப்புக்கு முன் அது சிறு தொகை. காற்றாலைப் பண்ணையோ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் பரவி, பல வகை மண்ணைத் தாண்டி, நூற்றுக்கணக்கான நங்கூரங்களைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் பிடித்து நிறுத்துவது சில மெகாவாட் மின்சாரத்தை மட்டுமே. எண்ணெய்த் துறையிலும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 2011 பிப்ரவரியில் வட கடலில் 'கிரைஃபன் ஆல்ஃபா' என்ற எண்ணெய்க் கப்பலின் பத்துச் சங்கிலிகளில் நான்கு புயலில் அறுந்து, கப்பல் இடம் பெயர்ந்தது. உற்பத்தி மீண்டும் தொடங்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பத்தில் நான்கு போனாலும் ஆறு மிஞ்சின. மூன்றே சங்கிலியில் நிற்கும் காற்றாலைக்கு அந்த ஆறுதல் கிடையாது.

திட்டத்தின் மொத்தச் செலவில் நங்கூரத்தின் பங்கு சிறிது. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டுப் போகலாமே என்பது இரண்டாவது மறுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஆனால் பெரிய நங்கூரத்தைத் தூக்கப் பெரிய கிரேன் வேண்டும், பெரிய கப்பல் வேண்டும். அத்தகைய கப்பல்கள் உலகில் குறைவு. நாள் வாடகையோ மிக அதிகம். அளவு கூடினால் உறுதி கூடும் என்பதும் எப்போதும் உண்மையாவதில்லை. வட கடலின் பல பகுதிகளில் பனியாறுகள் விட்டுச்சென்ற பாறாங்கற்கள் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. விட்டம் பெரிதாக ஆக, உறையின் விளிம்பு அவற்றில் ஒன்றில் மோதி நடுவழியில் நின்றுவிடும் வாய்ப்பும் கூடுகிறது. பாதி இறங்கிய நங்கூரத்துக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. இதைத் தவிர்க்க, கூம்பு முனை கொண்ட கம்பியை விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் செலுத்தி, ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் மண்ணின் எதிர்ப்பை அளக்கிறார்கள். நெதர்லாந்தின் மென்மண்ணை அளக்க 1930களில் பிறந்த சோதனை இது. அதற்கு ஆகும் கப்பல் நாட்களை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பிறகு கிரேன் கப்பலை நடுக்கடலில் காத்திருக்க வைப்பது, விதையில் சிக்கனம் பார்த்து அறுவடையில் இழப்பதைப் போன்றது.

மூன்றாவது மறுப்பு பகிர்வு நங்கூரங்களைப் பற்றியது. நார்வேயில் 2023 ஆகஸ்டில் முறைப்படி திறக்கப்பட்ட 'ஹைவிண்ட் டாம்பன்' பண்ணையில் 11 காற்றாலைகள், 260 முதல் 300 மீட்டர் ஆழத்தில் மிதக்கின்றன. ஒன்றுக்கு மூன்று என்றால் 33 நங்கூரங்கள் தேவைப்பட்டிருக்கும். அங்கே இருப்பவை 19. அண்டைக் காற்றாலைகள் ஒரே நங்கூரத்தைப் பகிர்ந்துகொள்வதால் 14 மிச்சம். ஒரு நங்கூரம் போனால் இரண்டு மூன்று காற்றாலைகள் ஒருசேர ஆபத்துக்குள்ளாகுமே என்று கேட்பவர்களின் அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. அறுபட்ட ஒரு மிதவை பக்கத்து மிதவையில் மோதலாம், மின்கேபிளை அறுக்கலாம், கப்பல் பாதையில் குறுக்கிடலாம். ஆனால் ஒரே புள்ளிக்கு மூன்று திசையிலிருந்து வரும் சங்கிலிகளில், காற்று ஒரு பக்கமாக வீசும்போது ஒன்று விறைத்து மற்றவை தளர்கின்றன. எதிரெதிர் இழுப்புகள் ஒரு பகுதி ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. நங்கூரத்தின் மேல் விழும் நிகர விசை, மூன்றின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. விசையின் திசை ஓயாமல் மாறும் என்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் நிற்கும் வடிவம் வேண்டும். எல்லாப் பக்கமும் மண்ணின் குணம் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு நங்கூரத்தின் இடத்திலும் தனித்தனியே மண் சோதனை செய்யவும் கட்டுப்படியாகிறது. பகிர்வு, மண் அறிவைக் கூடுதலாகக் கேட்கிறது. அதற்கான பணத்தையும் அதுவே தருகிறது.

நான்காவது மறுப்பு மீனவர்களுடையது. எல்லாவற்றிலும் கனமானது அதுவே. தொய்வாகக் கிடக்கும் சங்கிலிகள் ஒவ்வொரு காற்றாலையைச் சுற்றியும் சில நூறு மீட்டர் கடலடியை எடுத்துக்கொள்கின்றன. அங்கே இழுவலை போட முடியாது. ஹைவிண்ட் ஸ்காட்லாந்தில் 2022இல் அரசின் கடல்சார் துறையோடு சேர்ந்து கூண்டு, பொறி, தூண்டில் கயிறு போன்ற நிலைக் கருவிகளைக் கொண்டு மீன்பிடிச் சோதனை நடத்தினார்கள். அது நல்ல தொடக்கம். இழுவலைக்காரர்களுக்கு அது விடை ஆகாது. இடத்தைச் சுருக்கும் வழி ஒன்று உண்டு: சங்கிலியைத் தொய்வில்லாமல் விறைப்பாக, ஏறக்குறைய செங்குத்தாகக் கட்டுவது. பிரான்சின் மத்தியதரைக் கடலில் உள்ள 'ப்ரோவான்ஸ் கிராண்ட் லார்ஜ்' திட்டத்தின் மூன்று காற்றாலைகள் விறைப்புக் கட்டுமுறையில்தான் நிற்கின்றன. விறைப்பாகக் கட்டினால் இழுப்பு மேல்நோக்கி வரும். மண்ணின் பிடி முழுமையாகச் சோதிக்கப்படும். எனவே மீனவருக்கு எவ்வளவு கடலைத் திருப்பித் தர முடியும் என்ற கேள்விக்கும் விடை மண்ணில்தான் இருக்கிறது. மண்ணை அளக்காமல் பெரிய வட்டம் போட்டு வேலி அடைப்பது, பொறியாளரின் சோம்பலுக்கு மீனவரைக் கப்பம் கட்டவைக்கும் செயல்.

மண் யாருடைய சொத்து?

கடைசியாக வருவது பணம் போட்டவர்களின் மறுப்பு. செலவு செய்து சேகரித்த மண் தகவலை ஒரு நிறுவனம் ஏன் மற்றவர்க்குத் தர வேண்டும்? நெதர்லாந்து இதற்கு நடைமுறையில் விடை சொல்லியிருக்கிறது. அங்கே கடற்பரப்பை ஏலம் விடுமுன் அரசே மண் சோதனைகளை நடத்தி, அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. போர்செலா பகுதிக்கான 2016ஆம் ஆண்டு ஏலங்களில் ஒரு மெகாவாட் மணிக்குக் கேட்கப்பட்ட விலை ஜூலையில் 72.70 யூரோ, டிசம்பரில் 54.50 யூரோ. பெரிய காற்றாலைகள், குறைந்த வட்டி, அரசு ஏற்றுக்கொண்ட மின்தொடர் இணைப்பு ஆகியவற்றுக்கும் இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு உண்டு; அவை தரையில் ஊன்றிய காற்றாலைகள் என்பதும் உண்மை. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, ஏலம் கேட்பவர் அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்தே விலை வைப்பார் என்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த விஷயம். ஐந்து நிறுவனங்கள் ஒரே கடலடியை ஐந்து முறை துளைப்பதற்குப் பதிலாக அரசு ஒருமுறை துளைத்தால், மிச்சமாகும் பணம் கடைசியில் மின்கட்டணம் செலுத்துபவரின் பையில்தான் சேரும்.

இந்தக் கேள்வி தமிழகக் கரைக்கும் அந்நியமானது இல்லை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கான 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் என்பது அதன் இலக்கு. தொடக்கத்தில் இங்கே வரப்போவது ஆழம் குறைந்த கடலில் ஊன்றி நிற்கும் காற்றாலைகள்தான். ஆயினும் பவளத் தீவுகள் நிறைந்த மன்னார் வளைகுடாவின் அடியில் சுண்ணாம்புப் படிவுகள் உண்டு. நார்த் ரேங்கின் தந்த பாடம் நேராக நம் வாசலில் வந்து நிற்கிறது. நங்கூரக் கலை நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2007இல் சென்னைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில், ஒரு படகுமேடையைக் கட்டி நிறுத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் நன்னீர் எடுத்துக் காட்டியது. அடியில் இருப்பது சேறா, மணலா, பார் எனப்படும் பாறைத்திட்டா என்று அறிந்து வலை வீசும் மீனவர்கள் இந்தக் கரை நெடுகிலும் வாழ்கிறார்கள். ஆழத்தை, இரு கை விரித்த நீளமான பாகக் கணக்கில் சொல்லும் அவர்களின் அறிவு, ஆய்வுக் கப்பல் எங்கே முதலில் துளைக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டும். அவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்கும் திட்டத்துக்கு எதிர்ப்பும் குறையும்.

எனவே கடல் காற்றாலைக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வோர் அரசும் மூன்று வேலைகளை முதலில் செய்ய வேண்டும். ஏலத்துக்கு முன்பே கடலடி மண்ணைத் தன் செலவில் அளக்க வேண்டும். அந்த அளவுகளை ஆய்வாளர், பொறியாளர், மீனவர் என எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஏற்கெனவே இறக்கிய நங்கூரங்களில் அளவுமானிகளைப் பொருத்தி, மண் ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்பதையும் அதே பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் ஐந்து காற்றாலைகளும் 2024இல் பழுதுபார்ப்புக்காகச் சங்கிலியைக் கழற்றி நார்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டன. வேலை முடிந்ததும் திரும்பி வந்தன. அவை போய் வந்த அத்தனை மாதங்களும் பதினைந்து நங்கூரங்களும் வட கடலின் மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே இருந்தன.